மலையேறும் பழைய காருக்கு ஃபேன் ஸ்விட்ச்: எத்தனை டிகிரியில் வைப்பது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குன்னூரில் இருக்கிறீர்கள். 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது பர்லியார் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் முக்கால் பாகம் ஏறிவிடுகிறது. அதே வண்டியை ஊட்டியில் ஓட்டினால் முள் அடியை விட்டு எழுவதே இல்லை. ஃபேன் தானாக ஓடாததால் மெக்கானிக் அதை டைரக்ட் செய்து, அதாவது சூட்டைப் பார்க்காமல் நேராகக் கரண்ட் கொடுத்து, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது டிகிரியைத் திருகி வைத்துக்கொள்ளும் வகை ஸ்விட்ச் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். எங்கே பொருத்துவது, எத்தனையில் வைப்பது என்பது கேள்வி.

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். சூட்டை உணரும் சென்சார், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகிற மேல் ஹோஸில் இருந்தால் 95 டிகிரியில் ஆன், 88 வாக்கில் ஆஃப். பயந்துகொண்டு 75, 80 என்று இறக்கி வைக்க வேண்டாம். இந்த ஸ்விட்சின் வேலை எஞ்சினைக் குளிர்விப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை எஞ்சினை ஒரே சூட்டில் நிறுத்தி வைப்பது. கோத்தகிரியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் கோளாறு.

ஆனால் ஸ்விட்சைப் பொருத்துவதற்கு முன் இரண்டு பொருளைப் பார்க்க வேண்டும். அவை சரியில்லை என்றால் எந்த ஸ்விட்ச் போட்டும் பயனில்லை.

முதலாவது தெர்மோஸ்டாட் வால்வு. ஊட்டியில் முள் எழுவதே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் வண்டியில் வால்வே இல்லை, யாரோ கழற்றிவிட்டார்கள். வால்வு இருந்து அது ஒழுங்காக வேலை செய்தால், ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் முள் அடியிலேயே கிடக்காது. தண்ணீர் 82 டிகிரிக்கு வரும்வரை வால்வு ரேடியேட்டர் பக்கம் வழியே விடாது. வழி விடாதபோது ஃபேன் ரேடியேட்டரைக் குளிர்வித்தாலும் எஞ்சினைத் தொடாது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் வரும், ஆனால் கழற்றிவிட்ட வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சமவெளியில் வண்டி ஹீட் ஆனால் முதலில் செய்வது வால்வைக் கழற்றிப் போடுவது. அங்கே அதன் கெடுதல் சீக்கிரம் தெரியாது. இங்கே டிசம்பர், ஜனவரி காலையில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற ஊரில், வால்வு இல்லாத எஞ்சின் சூடேறவே ஏறாது. சோக்கைத் தள்ளினால் இழுக்காது, பெட்ரோல் தின்னும், ஆயிலில் தண்ணீர் ஆவி கலந்து ஆயில் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படியும். புது வால்வு பெரிய விலை இல்லை. 82 என்று பொறித்தது போடுங்கள். அதில் சின்னதாக ஆடுகிற ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள், உள்ளே சிக்கிய காற்று அதன் வழியாக வெளியேறும்.

ஃபேனை ஏன் 82க்குக் கீழே வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வால்வு எஞ்சினை 82க்கு மேலேயே வைத்திருக்கப் பார்க்கும். ஃபேனை 75ல் வைத்தால், தண்ணீர் 75க்கு இறங்கப்போவதே இல்லை, ஆகவே ஃபேன் நிற்கப்போவதும் இல்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஒரு நாள் பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே, உண்மையாகவே தேவைப்படும் நேரத்தில் அது ஓடாமல் போகும்.

இரண்டாவது ரேடியேட்டர் மூடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் இருக்கிறவர்களுக்கு இது சமவெளிக்காரர்களைவிட முக்கியம்.

ஊட்டியில் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மசியாது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூர், கோத்தகிரியில் 94 வாக்கில். மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99. அதனால்தான் இங்கே குக்கர் இல்லாமல் சமையல் இல்லை. ரேடியேட்டர் மூடி என்பது அந்தக் குக்கர் வெயிட்தான். மூடியின் மேல் 0.9 என்று போட்டிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் 0.9 பார் உள்ளே கட்டி வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் ஊட்டியில்கூட வெறும் தண்ணீர் 114, 115 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே.

இப்போது மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போயிருக்கிறது என்று வையுங்கள். குக்கரில் கேஸ்கெட் போனது போல. அழுத்தம் நிற்காது. ஊட்டியில் தண்ணீர் 93ல் கொதிக்க ஆரம்பிக்கும், உங்கள் ஃபேன் 95ல்தான் ஓடும். ஃபேன் ஓடுவதற்கு முன்பே தண்ணீர் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே போய்விடும். அப்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஸ்விட்ச் சரியில்லை என்று சொல்லி அதை 80க்குத் திருகிவிடுகிறார்கள். கோளாறு மூடியில், வைத்தியம் ஸ்விட்சுக்கு. ஆகவே புது மூடி ஒன்று வாங்குங்கள், பழையதில் போட்டிருக்கிற அதே எண் பார்த்து. கூடுதல் எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்து மாற்றாதீர்கள், 25 வருடத்துக்கு மேல் பழசான ஹோஸும் ஹீட்டர் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

மற்றவற்றை உங்கள் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார்: ரேடியேட்டர் கோர் அடைப்பு, இக்னிஷன் டைமிங் பின்னால் போயிருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, காலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஃபேன் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். 800க்கு அலுமினிய ஹெட், ஹீட் ஆனால் சீக்கிரம் வளைந்துவிடும். ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள்: ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது? மோட்டாரை மாற்றும்போது வயர் இரண்டும் மாறிவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். ஃபேனை ஓடவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாளைக் காட்டுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளினால் வயரை மாற்றுங்கள். இந்த ஒரு சோதனையிலேயே கோளாறு தீர்ந்துபோன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மலை என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். ஊட்டி குளிர்தானே, அங்கே ஃபேன் எதற்கு என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் மதியம் மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி, தண்ணீர் 95, வித்தியாசம் 58. ஊட்டியில் அன்றைக்கு 18 டிகிரி என்றால் வித்தியாசம் 77. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் குளிர வேண்டும். ஆனால் ஊட்டிக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது அள்ளுகிற காற்றின் எடை குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சும் லாபம் மிகக் கொஞ்சம். அதனால்தான் மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் சேரிங்கிராஸில் நகராமல் நிற்கிற பழைய வண்டி அந்தக் குளிரிலும் கொதிக்கிறது.

ஏற்றத்தில் இன்னும் மோசம். கல்லாறு தாண்டியதும் தொடங்குகிற 14 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் ஒரு பஸ் போனால் நீங்கள் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். எஞ்சின் முழுப் பாரத்தில் இருக்கிறது, வேகத்தால் வரும் காற்று கிட்டத்தட்ட இல்லை. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்கு ஃபேன் ஒன்றுதான் துணை. அதுவும் பாதையின் கீழ்ப்பாதியில், வெளிக்காற்று சூடாக இருக்கிற இடத்தில். பர்லியாருக்குள் முள் ஏறுவதற்கு இதுதான் காரணம். இறங்கும்போது நிலைமை நேர்மாறு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இரண்டாம் கியரில் இறங்குகிற எஞ்சினில் சூடு அதிகம் பிறப்பதில்லை, ஃபேன் தேவையே இல்லை. டைரக்ட் செய்த வண்டியில் அப்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஸ்விட்ச். நீங்கள் வாங்கியது மெல்லிய செம்புக் குழாயின் நுனியில், சென்சாராக, பென்சில் துண்டு போன்ற குமிழ் உள்ள வகை என்று படத்தில் தெரிகிறது. உள்ளே இருக்கிற திரவம் சூட்டில் விரிந்து ஸ்விட்சைத் தள்ளும், அவ்வளவுதான். எண் காட்டுகிற எலக்ட்ரானிக் வகையும் கிடைக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. ஆனால் திறந்த சர்க்யூட் போர்டை இந்த மூடுபனியிலும் மழையிலும் பானெட்டுக்குள் வைத்தால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். நம் ஊருக்கு உங்கள் வகையே மேல். அதற்கு ஒரு பலவீனம் உண்டு: அந்தக் குழாயைக் கூர்மையாக மடக்கிவிட்டால், அல்லது எங்காவது உரசி ஓட்டை விழுந்தால், திரவம் போய்விடும். அப்புறம் ஃபேன் ஓடவே ஓடாது. அதனால் குழாயை ஒரு கைப்பிடி அகல வட்டமாகச் சுற்றி, எஞ்சின் அதிர்வு படாத இடத்தில் கட்டுங்கள்.

குமிழை எங்கே வைப்பது? பெட்டியில் கொடுக்கிற படம் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே குத்தி வைக்கச் சொல்லும். சுலபம், ஆனால் அது குழாயின் ஓரத்தில் உரசி உரசி ஓட்டை போடும், தவிர தண்ணீரை விட்டுவிட்டுத் தகட்டின் சூட்டைத்தான் காட்டும். மேல் ஹோஸின் வாயில் ரப்பர் துண்டு வைத்துக் குமிழை உள்ளே செருகுவது இன்னொரு முறை. அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில் கசியும், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும். நான் செய்வது மூன்றாவது: மேல் ஹோஸை நடுவில் வெட்டி, இடையில் ஒரு பித்தளைத் துண்டைப் பொருத்துவது. லேத் பட்டறையில் ஹோஸின் உள்விட்டத்துக்குச் சரியாகக் கடைந்து, பக்கவாட்டில் குமிழ் நுழையும் அளவுக்கு ஒரு மூடிய குழியை வைத்துத் தருவார்கள். குமிழ் தண்ணீரைத் தொடாமல் அந்தக் குழிக்குள் இருக்கும், கசிவுக்கு வழியே இல்லை. குழிக்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் சூடு நன்றாகக் கடத்தும். ஹோஸின் மேடான இடத்தில் வைக்காதீர்கள், அங்கேதான் காற்று சேரும். இதோடு ஒரு எச்சரிக்கை: தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கிவிட்டால், குமிழ் இருக்கும் இடத்தில் தண்ணீரே இருக்காது, ஃபேனும் ஓடாது, எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஸ்விட்ச் வந்துவிட்டது என்று முள்ளைப் பார்ப்பதையும் காலையில் தண்ணீர் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வயரிங். ஃபேனின் முழுக் கரண்டும் இந்த ஸ்விட்ச் வழியாகப் போகக் கூடாது, இப்போது போல டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவும் போகக் கூடாது. ஃபேன் பத்து நிமிடம் ஓடியபின் டேஷ்போர்டு ஸ்விட்சின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நடுவில் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் வேண்டும், கடையில் எளிதாகக் கிடைக்கிற நாலு கால் 12 வோல்ட் ரிலே போதும். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

பேட்டரி ப்ளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு (87, 86, 85 என்று இனி வருவதும் கால்களின் எண்தான்). 87லிருந்து ஃபேன் மோட்டாருக்கு. மோட்டாரின் மறுவயர் பாடிக்கு, பெயின்டைச் சுரண்டி வெறும் தகடு தெரியும் இடத்தில். இவையெல்லாம் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயராக இருக்கட்டும். 86க்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வருகிற கரண்ட், ஒரு சின்ன ஃபியூஸ் வழியாக. 85லிருந்து உங்கள் புது ஸ்விட்சுக்கு, ஸ்விட்சின் மறுமுனை எர்த்துக்கு. இந்தப் பக்கம் மெல்லிய வயர் போதும், ரிலே சுருள் எடுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு.

ஸ்விட்சை எர்த் பக்கம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வயர் என்றாவது உரசி பாடியில் பட்டால் ஃபியூஸ் போகாது, ஃபேன் ஓடத்தான் செய்யும். மலைப்பாதையில் நின்றுபோன ஃபேனைவிட நிற்காத ஃபேன் மேல். மெக்கானிக் வைத்த டேஷ்போர்டு ஸ்விட்சைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் பழைய வயர்களை எடுத்துவிட்டு, 85க்கும் எர்த்துக்கும் நடுவே, புது ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இணையாகக் கொடுத்துவிடுங்கள். செம்புக் குழாய் உடைந்தாலும் கையால் ஃபேனை ஓட்டி வீடு வந்து சேரலாம். 87லிருந்து ஒரு சின்ன பல்பும் டேஷ்போர்டுக்கு இழுங்கள். ஃபேனுக்குக் கரண்ட் போகிறதா என்பது ஓட்டும்போதே கண்ணுக்குத் தெரியும்.

வண்டியை நிறுத்திய பின்னும் ஃபேன் ஓட வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். எஞ்சின் நின்றால் வாட்டர் பம்பும் நிற்கும். ஃபேன் ரேடியேட்டரில் இருக்கிற தண்ணீரைத்தான் ஆற்றும், ஹெட்டில் இருக்கிற சூடு அங்கேயே இருக்கும். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் காலையில் பேட்டரி இருக்காது. அதனால்தான் இக்னிஷன் கரண்ட் என்று சொன்னேன். ஏறிவந்த கையோடு பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினால், இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு ஃபேன் நின்றபின் சாவியைத் திருப்புங்கள். ரிலேயை கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், முனைகளில் வாசலின் தடவுங்கள். வயர்களை முறுக்கி டேப் ஒட்டாமல் டெர்மினல் வைத்து நெரியுங்கள்.

உங்களிடம் ஃபியட்டோ அம்பாசிடரோ கூட இருந்து, அதில் எஞ்சினோடு சுற்றும் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடும் யோசனை இருந்தால், முதலில் டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்வதே இல்லை எனலாம். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் ஓடுகிற மூடுபனி மாலையில் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு யோசியுங்கள்.

கடைசியாக டிகிரியை வைப்பது. திருகியில் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே நம்ப முடியாது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இந்த இடத்தில் நான் ஒருமுறை தவறு செய்தேன். ஒரு ஃபியட்டுக்கு வாங்கிய ஸ்விட்சை 95ல் வைத்து, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் குமிழைத் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் ஸ்விட்ச் தட்டவில்லை. பழுது என்று கோயம்புத்தூர் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் அங்கே கொதிநீரில் போட்டுப் பார்த்தார்கள், சரியாகத் தட்டியது. கோத்தகிரித் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 94ஐத் தாண்டாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. குன்னூரிலும் அப்படித்தான். ஆகவே சமையல் எண்ணெயைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, மிகச் சிறு தீயில், தெர்மாமீட்டரோடு குமிழைத் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது. மெதுவாகச் சூடேற்றி, 95ல் தட்டும்படி திருகி, ஆறவிட்டு எத்தனையில் விடுகிறது என்று பாருங்கள். ஐந்து முதல் எட்டு டிகிரி இடைவெளி இருப்பது நல்லது. இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டி ரிலே முனை கருகிவிடும்.

அப்புறம் ரோட்டில். வெலிங்டன், அருவங்காடு பக்கம் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பல்பு எரியக் கூடாது, ஓடுகிற காற்றே போதும். அப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஒன்று டிகிரி தாழ்ந்திருக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. வீட்டு வாசலில் ஐடிலில் விட்டால் ஃபேன் வர வேண்டும், சில நிமிடங்களில் நிற்க வேண்டும், திரும்ப வர வேண்டும். இரண்டும் சரி என்றால் ஒரு மதியம் மேட்டுப்பாளையம் இறங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு, கல்லாறிலிருந்து ஏறுங்கள். பல்பு எரிந்தபடியே இருக்கலாம், அந்த ஏற்றத்தில் அது இயல்பு. முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். பல்பு எரிந்தும் முள் ஏறிக்கொண்டே போனால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஃபேனுக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் ஆறவிட்டு வீடு வந்து, ரேடியேட்டரைக் கழற்றிக் கோர் வேலைக்குக் கொடுங்கள். குன்னூருக்கு முன்னால் வருகிற காட்டேரியைத் தாண்டும்வரை முள் அதே இடத்தில் நின்றால், திருகியின் மேல் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு பானெட்டை மூடுங்கள்.